கடலோர நகரமும் வெள்ளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர நகரத்தின் வெள்ளத் திட்டம் என்று பேச்செடுத்தாலே கேள்விகள் சுவரில் போய் நிற்கும். எவ்வளவு உயரம், எவ்வளவு செலவு, எப்போது முடியும்? இந்தப் பக்கத்தில் சுவரும் வருகிறது, ஆனால் கொஞ்சம் தள்ளித்தான். நகரத்தின் தண்ணீர் எந்த மட்டத்தில், எந்த வழியாக வெளியேறுகிறது என்பது தெரிந்தால் மற்ற எல்லாம் எளிதில் புரியும். பொறியியல் படித்திருக்க வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

கடல் மட்டம் இதுவரை எவ்வளவு உயர்ந்திருக்கிறது? இனி எவ்வளவு உயரும்?

1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. ஐ.நா. சார்ந்த காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் வெளியிட்ட கணக்கு இது. வேகமும் கூடிவருகிறது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. கடல்நீர் சூடாகி விரிவதும், பனியாறுகளும் துருவப் பனிப்பரப்புகளும் உருகுவதும்தான் முக்கியக் காரணங்கள்.

2100-க்குள் எவ்வளவு? 1995–2014 காலத்தின் சராசரியோடு ஒப்பிட்டால், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை மிக வேகமாகக் குறைத்தாலும் 28 முதல் 55 செ.மீ. உமிழ்வு மிக அதிகமாகத் தொடர்ந்தால் 63 செ.மீ. முதல் 1.01 மீட்டர். பனிப்பரப்புகள் எதிர்பாராத வேகத்தில் குலைந்தால் 2 மீட்டரை நெருங்கக்கூடும் என்பதையும் அந்த அறிக்கை ஒதுக்கிவிடவில்லை.

திட்டம் போடுகிறவர்களுக்கு இதில் முக்கியமான செய்தி வேறு. 2050 வரை எந்தப் பாதையில் போனாலும் பெரிய வித்தியாசமில்லை, ஏறத்தாழ 15 முதல் 30 செ.மீ.-க்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் கணிப்புகள் விசிறிபோல் விரிகின்றன. அருகில் இருப்பது தெளிவு, தொலைவில் இருப்பது மங்கல். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டுமானத்தை இன்றே கட்டிவிட முடியாது.

இன்னொன்று: எந்த நகரமும் உலகச் சராசரியில் வாழவில்லை. நீரோட்டம், காற்று, நிலம் அமிழும் வேகம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைச் சொல்வது அந்த ஊரின் ஓதமானிதான், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி.

ஆண்டுக்கு 4 மி.மீ. கூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

சராசரி மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் நகரத்தைக் கெடுப்பது சராசரி அல்ல, உச்சம். உயர் ஓதமும் (கடலின் அன்றாட ஏற்றம்) புயல் எழுச்சியும் (புயல் கரையை நோக்கித் தள்ளும் நீர்) சேரும் நாளில் கடல் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. சராசரி மட்டம் 30 செ.மீ. உயர்ந்துவிட்டால், முன்பு பெரிய புயல் மட்டுமே தொட்ட மட்டத்தைச் சுமாரான புயலும் தொட்டுவிடும்.

அதனால்தான் மட்டம் கொஞ்சம் கூடினாலும் நிகழ்வுகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது. கடந்த காலத்தில் நூறாண்டுக்கு ஒருமுறை வந்த உச்சக் கடல் மட்டம், 2100 வாக்கில் ஓதமானி இருக்கும் இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும் என்பதும் ஐ.பி.சி.சி.-யின் கணிப்புதான்.

கடல் கரையைத் தாண்டவே இல்லை. பிறகு தெருவில் எப்படித் தண்ணீர் நிற்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான மழைநீர் வடிகால்கள் பம்ப் இல்லாமல் சரிவை நம்பித்தான் ஓடுகின்றன. கடலோரச் சமவெளியில் சரிவுக்குப் பஞ்சம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கரையிலிருந்து 3 கி.மீ. உள்ளே ஒரு தெரு, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 4 மீ. உயரத்தில் இருக்கிறது. வடிகாலின் ஆழம் 1.2 மீ. ஆகவே அதன் அடித்தளம் 2.8 மீ. உயரத்தில் தொடங்குகிறது. 1500 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற மெல்லிய சரிவு கொடுத்தால் கடலை அடைவதற்குள் 2 மீ. இறங்கிவிடும். வடிகாலின் கடைவாய், அதாவது அது கடலில் சேரும் வாய், 0.8 மீ. மட்டத்தில் திறக்கிறது. உயர் ஓதம் 0.7 மீ. வரை வருகிறது என்று கொண்டால் நமக்கு மிஞ்சுவது 10 செ.மீ. தண்ணீர் போய்விடும், ஆனால் தப்பித்தோம் பிழைத்தோம் என்ற கதைதான்.

இப்போது கடல் மட்டத்தை 30 செ.மீ. உயர்த்துங்கள். உயர் ஓதம் 1 மீட்டர். கடைவாயின் அடி 20 செ.மீ. நீருக்குள். இதோடு 1 மீட்டர் புயல் எழுச்சியும் சேர்ந்தால் கடல் 2 மீட்டரில் நிற்கும். வடிகாலுக்குள் கடல்நீர் 1.8 கி.மீ. தூரம் வரை ஏறி நிற்கும். இன்றைய மட்டத்தில் அதே புயல் வந்தால் 1.35 கி.மீ. தான். வெறும் 30 செ.மீ. உயர்வு, 450 மீ. நீள வடிகாலைக் கூடுதலாக அடைத்துவிட்டது. புயலோடு மழையும் வருமே, அந்த மழைநீர் எங்கே போகும்? மேன்ஹோல் வழியாகத் தெருவுக்குத்தான்.

கடைவாயில் ஒருவழிக் கதவு பொருத்தலாம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கடலை நிறுத்துமே தவிர மழையை வெளியேற்றாது. கதவு மூடியிருக்கும் மணிநேரங்களில் பெய்த மழை முழுக்க உள்ளேயே தேங்கும். கடல் மட்டம் ஏற ஏற, கதவு மூடியிருக்கும் நேரமும் நாளுக்கு நாள் நீளும். ஒரு மரத்துண்டு இடுக்கில் சிக்கினால் கதவு மூடவும் மூடாது.

ஆகவே ஒரு நகரத்தின் வடிகால் திட்டத்தில் மழை அளவு மட்டும் இருந்து கடைவாயின் மட்டம் இல்லையென்றால், அந்தத் திட்டம் பாதிதான்.

பெரிய பம்ப் வைத்துவிட்டால் தீராதா?

தீரும், பம்ப் ஓடும்வரை.

ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. மழை பெய்தால் 1 லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். மண் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் கான்கிரீட் நிறைந்த பகுதியில் பெரும்பங்கு ஓடித்தான் வரும். விநாடிக்கு 5 கன மீட்டர் தள்ளும் பம்ப் நிலையம் முழு வேகத்தில் ஓடினாலும் அதை வெளியேற்ற ஐந்தரை மணி நேரம் ஆகும். அது ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும்.

சிங்கப்பூரின் மெரினா தடுப்பணை இதை நேர்த்தியாகக் கையாள்கிறது. 2008-இல் திறக்கப்பட்ட அதில் 9 கதவுகளும் 7 பெரிய பம்புகளும் உள்ளன. கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுகிறார்கள், மின்சாரச் செலவே இல்லை. கடல் உயர்ந்திருந்தால் மட்டும் பம்ப். எதிர்காலத்தில் கதவுக்கு வேலை குறையும், பம்புக்குக் கூடும். கடல் உயர்வின் செலவு இப்படி மின்கட்டண ரசீதிலும் வந்து நிற்கும்.

பம்ப் வாங்குவது எளிது. அது ஓட வேண்டிய இரவில் ஓடுமா என்பதுதான் கடினம். மயாமி பீச்சில் 2017 ஆகஸ்டில் கனமழை பெய்தபோது மின்சாரம் போய் புதிய பம்புகளில் சில நின்றன. மாற்று ஜெனரேட்டர் இருந்திருக்க வேண்டும் என்பது அதன்பிறகே பேசப்பட்டது.

மின்சாரம், மருத்துவமனை, குடிநீர்: இவற்றுக்குத் தனித் திட்டம் வேண்டுமா?

வேண்டும், அதுவும் முதலில் வேண்டும். தெருவில் முழங்காலளவு நீர் நின்றால் சிரமம். துணைமின் நிலையத்தில் நின்றால் பம்ப், மருத்துவமனை, குடிநீர், செல்போன் கோபுரம் எல்லாம் வரிசையாகப் படுத்துவிடும்.

2012 அக்டோபர் 29-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. மன்ஹாட்டனின் ஒரு முக்கியத் துணைமின் நிலையம் ஏறத்தாழ 3.8 மீ. உயர நீரைத் தாங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. வந்தது சுமார் 4.3 மீ. அரை மீட்டர் வித்தியாசத்தில் கீழ் மன்ஹாட்டன் இருளில் மூழ்கியது.

அதே இரவு பெல்வியூ மருத்துவமனையில் நடந்தது இன்னும் பாடமானது. அவசர ஜெனரேட்டர்களை 13-ஆவது மாடியில், வெள்ளம் எட்டவே முடியாத உயரத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. அடித்தளம் நிரம்பியது. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எரிபொருளை 13 மாடி ஏற்றினார்கள். கடைசியில் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. காகிதத்தில் பார்த்தால் அந்தக் கட்டடம் பாதுகாப்பானது. எந்த உபகரணம் எதை நம்பி ஓடுகிறது என்று கம்பி கம்பியாக, குழாய் குழாயாகப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருந்தால் மட்டுமே இந்த ஓட்டை தெரிந்திருக்கும். நல்ல திட்டத்தில் இந்த அலுப்பூட்டும் வேலைதான் அதிகம் இருக்கும்.

'நூறாண்டு வெள்ளம்' வந்துபோய்விட்டது. இனி நூறாண்டுக்குக் கவலையில்லையா?

அந்தப் பெயரே வினை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. இதுவும் நிலைமை மாறாமல் இருந்தால் மட்டும். மழையின் பழைய பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்ட 1 சதவீதம், சூடாகிவரும் காற்றில் 1 சதவீதமாகவே இருக்காது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும்.

நெதர்லாந்து இதில் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. அதன் மையக் கடற்கரைப் பகுதிக்கு நெடுங்காலம் 10,000 ஆண்டுக்கு ஒருமுறை என்பதே அளவாக இருந்தது. 1953-இல் வட கடல் பொங்கி அங்கே 1,836 பேர் இறந்த பிறகு வந்த முடிவு அது. எவ்வளவு அபாயத்தை ஏற்கலாம் என்பதைக் கணினி சொல்லாது. மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும், எனவே அது மக்களுக்குத் தெரிந்து எடுக்கப்பட வேண்டிய முடிவு.

எந்த ஆண்டின் கடல் மட்டத்துக்குக் கட்டுவது? 2050-க்கா, 2100-க்கா?

எதைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 15 ஆண்டில் மாற்றப்போகும் பம்பை 2100-க்கு வடிவமைப்பது வீண்செலவு. நூறாண்டு நிற்கப்போகும் பாலத்தை 2050-க்கு வடிவமைப்பது அதைவிடப் பெரிய தவறு. இந்த எளிய பாகுபாட்டைச் செய்யாமல் நகரம் முழுவதற்கும் ஒரே எண்ணை அறிவிக்கும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

ஒரு பொருளின் ஆயுளோடு, அதைப் பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதையும் பார்க்க வேண்டும். சுவரின் மேல் அரை மீட்டர் சேர்ப்பது சுலபம், அந்தக் கூடுதல் எடையை அடித்தளம் தாங்குமாறு முதலிலேயே போட்டிருந்தால். இல்லையென்றால் இடித்துத்தான் கட்ட வேண்டும். அதேபோல் சுவருக்குப் பின்னால் அகலப்படுத்த ஒரு கீற்று நிலம் விட்டுவைத்திருந்தால் அடுத்த தலைமுறை நன்றி சொல்லும். அங்கே வீடுகளை அனுமதித்துவிட்டால் அந்த வழி நிரந்தரமாக அடைபட்டது. மனையைப் பொறுத்தவரை சிங்கப்பூர் முன்யோசனையோடு நடந்தது. கடலைத் தூர்த்து எடுக்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரத்தைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 3 மீட்டராக இருந்ததை 2011-இல் 4 மீட்டராக்கியது. நிலம் உருவாகும்போதே உயர்த்துவதுதான் மலிவு.

லண்டனின் தேம்ஸ் கழிமுகத் திட்டம், 2012-இல் வெளியானது, இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்த நேர்மையான விடை. 2100-இல் கடல் இங்கே நிற்கும் என்று அது பந்தயம் கட்டவில்லை. கடல் இவ்வளவு உயர்ந்தால் இந்த வேலை, அதைத் தாண்டினால் அடுத்த வேலை, மிக மோசமாக 2.7 மீட்டர் வரை போனாலும் எடுக்க ஒரு வழி உண்டு என்று கிளைவிடும் பாதைகளை வகுத்தது. கூடவே எதையெல்லாம் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பட்டியலும், எந்த முடிவை எப்போதுக்குள் எடுத்தாக வேண்டும் என்ற கெடுவும். பெரிய தடுப்பணை கட்ட முப்பது ஆண்டு பிடிக்கும் என்றால், தேவைப்படும் நாளிலிருந்து முப்பது ஆண்டு பின்னோக்கி எண்ணி அங்கே ஒரு கொடி நடுகிறார்கள். காத்திருப்பதற்கும் கிடப்பில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் கொடிதான்.

கரை நெடுக சுவர் எழுப்பிவிட்டால் என்ன?

சில இடங்களில் வேறு வழியே கிடையாது. துறைமுகமும் பழைய நகரமும் கடலை ஒட்டி நிற்கும்போது சுவர்தான் விடை. ஆனால் சுவருக்கு மூன்று விலை உண்டு.

செங்குத்துச் சுவரில் மோதும் அலை அடிவாரத்து மணலை அரித்தெடுக்கும். சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல் போகும், சுவரின் காலே வெளியில் தெரியும். அடுத்து, சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் அரிப்பு தீவிரமாகும். நீர் நிரப்பிய பையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைப்பதைப்போல, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கும் சுவர் கேட்பார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகளும் இப்படித்தான்: ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் ஊர் கரையும். மூன்றாவது, கடலை வெளியே நிறுத்தும் சுவர் மழையை உள்ளே நிறுத்தும். சுவர் கட்டும் டெண்டரில் அதற்குப் பின்னால் தேங்கும் நீரை இறைக்கும் செலவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அதன் நிழலில் வீடுகள் பெருகும். நியூ ஆர்லியன்ஸில் 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயலின்போது கால்வாய்ச் சுவர்கள் சில, நீர் அவற்றின் விளிம்பைத் தொடும் முன்பே அடிமண் நழுவி உடைந்தன. நகரின் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. கிண்ணம்போன்ற நகரம் என்பதால் புகுந்த நீர் தானாக வடியவில்லை, வாரக்கணக்கில் இறைக்க வேண்டியிருந்தது.

மண்ணின் தன்மையும் பார்க்க வேண்டும். மயாமி பகுதியின் அடியில் இருப்பது நுண்துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறை. அங்கே சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கடல் அடியில் புகுந்து தரைவழியே ஊறி வரும்.

கடலுக்கே கதவு போடுகிறார்களாமே?

ஆமாம், ஆற்று முகத்துவாரத்திலோ காயலின் வாயிலிலோ. லண்டனில் 520 மீ. அகலத் தேம்ஸ் தடுப்பு 1982 முதல் இயங்குகிறது. ரோட்டர்டாம் அருகே 1997-இல் முடிந்த மேஸ்லாண்ட் தடுப்பில் இரண்டு பிரம்மாண்டக் கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீ. நீளம். வெனிஸில் கடலடியில் படுத்துக்கிடக்கும் 78 இரும்புக் கதவுகள் 2020 அக்டோபர் 3 முதல் தேவைப்படும்போது எழுந்து நிற்கின்றன.

இவை அரிதாக மூட வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்படுகின்றன. கடல் உயர உயர அடிக்கடி மூட வேண்டி வரும். 2013–14 குளிர்காலத்தில் மட்டும் தேம்ஸ் கதவுகள் 50 முறை மூடப்பட்டன. மூடியிருக்கும்போது கப்பல் போக முடியாது, உள்ளேயிருக்கும் காயல் மூச்சுவிட முடியாது, ஆற்றில் வரும் வெள்ளமும் வெளியேற முடியாது. எப்போது மூடுவது என்பதும் முன்னறிவிப்பை நம்பியது. 2020 டிசம்பர் 8-இல் வெனிஸில் முன்னறிவிப்பு குறைவாகச் சொன்னதால் கதவுகள் எழவில்லை. நீர் சுமார் 138 செ.மீ. வரை ஏறி நகருக்குள் புகுந்தது. பல நூறு கோடி யூரோ கதவும் ஒரு கணிப்பின் முனையில்தான் நிற்கிறது.

நிலமே அமிழ்கிறது என்கிறார்கள். கடல் உயர்வை விட அது பெரிய பிரச்சினையா?

சில நகரங்களில் சந்தேகமில்லாமல். ஜகார்த்தாவின் வடபகுதியில் சில இடங்கள் ஆண்டுக்கு 10 செ.மீ.-க்கும் மேல் அமிழ்ந்திருக்கின்றன. கடல் உயர்வோடு ஒப்பிட்டால் இருபது, முப்பது மடங்கு. முக்கியக் காரணம் ஆழ்துளைக் கிணறுகள். களிமண் அடுக்குகளிலிருந்து நீரை உறிஞ்சினால் அவை நசுங்கும், பிறகு நீர் விட்டாலும் பழையபடி எழாது.

நல்ல செய்தியும் இதில் உண்டு. டோக்கியோவின் கிழக்குப் பகுதி இருபதாம் நூற்றாண்டில் சில இடங்களில் 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. தொழிற்சாலைகளின் நிலத்தடி நீர் உறிஞ்சலைச் சட்டம்போட்டுக் கட்டுப்படுத்திய பிறகு அமிழ்வு ஏறக்குறைய நின்றது. நீர் மட்டம் மீண்டும் ஏறி, நிலத்தடி ரயில் நிலையம் மிதந்துவிடாமல் நங்கூரம் போட்டுப் பிடிக்க வேண்டிய விசித்திரமும் நடந்தது! கடல் உயர்வை எந்த மேயரும் நிறுத்த முடியாது. நிலம் அமிழ்வதை நிறுத்தலாம். ஆனால் அதற்கு முதலில் வீடுவீடாகக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும், வராத ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் தடை போட்டால் அது காகிதத்தோடு சரி.

சதுப்பு நிலம், அலையாத்திக் காடு எல்லாம் உண்மையிலேயே காப்பாற்றுமா?

அலைக்கும் நீர்மட்ட எழுச்சிக்கும் விடை வேறு வேறு. 100 மீ. அகல அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் புயல் எழுச்சியில் ஊருக்குள் ஏறிவரும் நீரின் மட்டத்தைக் குறைக்க ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 முதல் 50 செ.மீ. தான் முடியும். ஆகவே நாலு வரிசை கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது வெள்ளத் தடுப்பு ஆகாது. காட்டை முன்னால் வைத்துப் பின்னால் தாழ்வான கரை கட்டினால் கரை சிறிதாக இருந்தாலே போதும், அங்கேதான் லாபம். மேலும் காடு, வண்டல் கிடைத்தால் கடலோடு சேர்ந்து தானும் உயரும். சுவர் உயராது.

உள்நாட்டுச் சதுப்பு நிலத்தின் கதை வேறு. அது மழைநீருக்கு இயற்கை தந்த கிடங்கு. அதை நிரப்பி வீடு கட்டினால் அங்கே நிற்க வேண்டிய நீர் பக்கத்துத் தெருவில் நிற்கும், அவ்வளவுதான்.

மழைநீரைக் கடல் வாங்காத நேரத்தில் எங்கே நிறுத்திவைப்பது?

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மி.மீ. மழை கொட்டியது. அடுத்த ஆண்டே ஒரு பெருமழைத் திட்டம் வகுத்தார்கள், சுமார் 300 வேலைகள். குழாயைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, எந்தத் தெருவில் தண்ணீர் ஓடலாம், எந்தப் பூங்காவில் நிற்கலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கினார்கள். நூறாண்டு மழையிலும் தெருவில் 10 செ.மீ.-க்கு மேல் நிற்கக்கூடாது என்பது இலக்கு. வெள்ளமே வராது என்று வாக்குறுதி தராமல், எவ்வளவு வரலாம் என்று எண்ணால் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

ரோட்டர்டாமின் பெந்தெம்பிளைன் சதுக்கம் வெயிலில் கூடைப்பந்துத் திடல், மழையில் 17 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி. அழகான யோசனை. ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு சதுர கிலோமீட்டரின் 100 மி.மீ. மழைக்கு இப்படி ஏறத்தாழ 60 சதுக்கங்கள் வேண்டும். டோக்கியோவுக்கு வடக்கே 2006-இல் முடிந்த நிலத்தடி வெள்ளக் கால்வாய் 6.3 கி.மீ. நீளம், தரைக்கு 50 மீ. கீழே, விநாடிக்கு 200 கன மீட்டர் வரை ஆற்றில் தள்ளும். அந்த அளவு பணமும் பராமரிப்பு ஒழுங்கும் எல்லா நகரத்துக்கும் வாய்க்காது. இருக்கும் குளங்களையும் கால்வாய்களையும் மீட்பதே பல ஊர்களில் மிக மலிவான கன மீட்டர்.

சாலையை உயர்த்தினால் போதுமா?

சாலைக்குப் போதும். சாலையோர வீட்டுக்கு அது புது வெள்ளம்.

தரைக்கு அடியில் என்ன நடக்கிறது?

கடல் உயர்ந்தால் கரையோர நிலத்தடி நீர்மட்டமும் உயரும், உவர்நீர் உள்நோக்கி நகரும். விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய்களில் நிலத்தடி நீர் புகுந்து, மழையே இல்லாத நாளிலும் சுத்திகரிப்பு நிலையம் நிரம்பும். கம்பிகள் துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிக்கும். செப்டிக் டேங்க் வடியாது. இவை எதுவும் தொலைக்காட்சியில் வராது என்பதால் திட்டத்திலும் பெரும்பாலும் வருவதில்லை.

மக்களை இடம்பெயர்ப்பதும் திட்டத்தில் சேருமா?

சேரும். ஆனால் யாரை என்பதில்தான் திட்டத்தின் யோக்கியதை தெரியும். ஓடையோரக் குடிசைகளை 'ஆக்கிரமிப்பு' என்று அகற்றிவிட்டு, அதே ஓடையின் வெள்ளச் சமவெளியில் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தால் அது வெள்ளத் திட்டம் அல்ல, மனை வணிகம். மீனவர்களைக் கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினால் வீடு மிஞ்சும், பிழைப்பு மிஞ்சாது. படகும் வலையும் கரையில் கிடக்க யார் காவல்?

சாண்டிக்குப் பிறகு நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சில தெருக்காரர்கள் தாங்களே முன்வந்து அரசிடம் வீட்டை விற்றுப் போனார்கள், நிலம் இயற்கைக்குத் திரும்ப விடப்பட்டது. விருப்பம், நியாய விலை, தெருவாகச் சேர்ந்து முடிவெடுப்பது ஆகியவை இருந்ததால் நடந்தது. மறுபுறம், புதிதாக யாரும் போய்க் குடியேறாமல் பார்த்துக்கொள்வது இதைவிடப் பல மடங்கு எளிது, ஒரு வரைபடமும் அதை மீறாத உறுதியும் போதும்.

தண்ணீரை உள்ளே விட்டே வாழும் வழியும் உண்டு. ஹாம்பர்க்கின் ஹாஃபென்சிட்டி பகுதி வெள்ளக்கரைக்கு வெளியே இருக்கிறது. கட்டடங்களும் சாலைகளும் கடல் மட்டத்திலிருந்து 8, 9 மீ. உயர மேட்டில் நிற்க, ஆற்றோர நடைபாதை மட்டும் தாழ்வாக, எப்போதாவது மூழ்க விடப்பட்டிருக்கிறது.

கட்டுமானம் முடியும்வரை என்ன செய்வது?

எச்சரிக்கையும் தங்குமிடமும். பங்களாதேஷில் 1970 புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1991-இல் 1.3 லட்சத்துக்கும் மேல். 2007-இல் வந்த சிதர் கடும் புயல்தான், இறந்தவர்கள் சுமார் 3,400. இடைப்பட்ட காலத்தில் உயர்ந்த சுவர்களைவிட அதிகம் பங்காற்றியவை முன்னறிவிப்பு, தன்னார்வலர்கள், தூண்கள் மேல் எழுப்பிய புயல் பாதுகாப்பு மையங்கள்.

எங்கள் நகரத்தின் திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வரைபடத்தில் உயரங்கள் எந்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டன என்று தேடுங்கள். துறைமுகத்தார் கடல் வரைபடத்தின் தாழ் ஓத மட்டத்திலிருந்தும், நகராட்சியார் சராசரிக் கடல் மட்டத்திலிருந்தும் அளப்பது வழக்கம். இரண்டையும் மாற்றாமல் கலந்தால் அரை மீட்டர், ஒரு மீட்டர் பிழை சத்தமில்லாமல் நுழையும்.

பிறகு ஒவ்வொரு வடிகாலின் கடைவாய் மட்டமும், உயர் ஓத மட்டமும் ஒரே அட்டவணையில் இருக்கிறதா? மழையும் ஓதமும் ஒரே நாளில் வந்தால் என்ற கணக்கு உண்டா, இரண்டும் தனித்தனியாகத்தான் உள்ளனவா? பம்ப் நிலையத்தின் டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், டீசல் தொட்டி மூன்றும் எந்த உயரத்தில்? தூர்வாரவும் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருக்கிறதா, அல்லது கட்டும் செலவோடு கணக்கு முடிகிறதா? கடல் மட்டம் எவ்வளவு உயர்ந்தால் திட்டத்தை மறுபடி திறந்து பார்ப்பார்கள் என்று ஓர் எண் எழுதியிருக்கிறதா, அதை அளப்பது எந்த அலுவலகத்தின் வேலை?

கடைசியாக, நிலப் பயன்பாட்டு வரைபடத்தை வெள்ள வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ள வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடம் அடுத்த இருபதாண்டு வளர்ச்சித் திட்டத்தில் குடியிருப்பு நிறத்தில் இருந்தால், முறையீடு கொடுக்க வேண்டிய இடம் நீர்வளத் துறை அல்ல, கட்டட அனுமதி வழங்கும் மேசை.